பார்சர் நின்ற இடமும் பிழை பிறந்த இடமும்

(பெரிய தரவுக் கோப்புகளைக் கையாளும் நூலகர்கள், மாணவர்கள், நிரலாளர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் கரடுமுரடானது. பெரிய எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றைப் பார்சர், அதாவது டேக்குகளைப் பிரித்துப் படிக்கும் நிரல், படிக்கத் தொடங்குகிறது. பாதி வழியில் பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது. கோப்பு பல ஜிபி இருக்கும். நோட்பேடில் திறந்தால் கணினியே திணறும். செய்தியில் இருப்பது ஒரு வரி எண்ணும் இன்னொரு எண்ணும் மட்டும். இந்த நிலையில் ஒரு சிறிய ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு பிழையை எப்படித் தேடுவது என்பதைத்தான் பேசப் போகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்சர் நின்ற இடம் ஒன்று, பிழை பிறந்த இடம் வேறொன்று. முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது இடத்துக்குப் போய்ச் சேரத்தான் ஸ்கிரிப்ட் வேண்டும். கோப்பு எப்படியாவது ஓடினால் போதும் என்று எழுதப்படும் ஸ்கிரிப்ட், தெரிந்த பிழையைத் தெரியாத பிழையாக மாற்றிவிடும்.

ஏன் இத்தனை கறார்?

இணைய உலாவிகள் எச்டிஎம்எல் பக்கத்தில் எத்தனை தவறு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். மூடாத டேக் இருந்தால் தானே மூடிக்கொள்ளும். எக்ஸ்எம்எல் அப்படி இல்லை. டிம் பிரே, ழான் பாவோலி, ஸ்பெர்பெர்க்-மக்வீன் ஆகியோர் தொகுப்பாசிரியர்களாக இருந்த எக்ஸ்எம்எல் 1.0 விதிமுறையை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 பிப்ரவரி 10 அன்று வெளியிட்டது. அடிப்படை விதி மீறப்பட்டால் அது மீள முடியாத பிழை; அதற்கு மேல் பார்சர் வழக்கம்போலத் தரவைக் கொடுத்துக்கொண்டே போகக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதிவைத்தார்கள். மேலும் பிழைகள் இருக்கின்றனவா என்று தொடர்ந்து தேடலாம், அவ்வளவுதான்.

அடிப்படை விதிகள் அதிகம் இல்லை. கோப்பு முழுவதற்கும் ஒரே ஒரு வேர் உறுப்பு. திறந்த டேக்கை மூட வேண்டும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். பண்புகளின் மதிப்பு மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். உரைக்குள் < குறியும் & குறியும் நேரடியாக வரக் கூடாது. எழுத்துகள் அறிவித்த குறியாக்கத்தில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று, ஒரே ஒரு இடத்தில் தவறினாலும் முழுக் கோப்பும் நின்றுபோகும்.

இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் எக்ஸ்எம்எல் கோப்பில் போவது மருத்துவக் கட்டுரைப் பதிவு, காப்புரிமை ஆவணம், வங்கிப் பரிமாற்றம், நூலக அட்டவணை. ஒரு பதிவு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்சர் தானாக யூகித்துக்கொண்டால், ஒருவரின் பதிவு இன்னொருவரின் பதிவோடு ஒட்டிக்கொள்ளும். அதைவிட நின்றுவிடுவது நல்லது.

பெரிய கோப்பைப் படிக்கும் முறை

பிழையைத் தேடும் முன், இது பிழைதானா, அல்லது நினைவகம் தீர்ந்துபோனதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் முழுக் கோப்பையும் மர வடிவில் நினைவகத்தில் ஏற்றிவிடுவார்கள். அந்த மரம் கோப்பின் அளவைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். விக்கிப்பீடியா தன் கட்டுரைகளையெல்லாம் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் தொகுப்பாக இலவசமாகத் தருகிறது. ஆங்கிலத் தொகுப்பு சுருங்கிய நிலையிலேயே இருபது ஜிபியைத் தாண்டும். விரித்தால் எங்கே போவது?

அதனால் ஓட்டமாகப் படிக்க வேண்டும். டேக் திறந்தது, உரை வந்தது, டேக் மூடியது என்று நிகழ்வுகளாகச் சொல்லிக்கொண்டே போகும் சாக்ஸ் முறை 1998-லேயே வந்துவிட்டது. பைத்தானில் இதற்கு ‘இட்டர்பார்ஸ்’ இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் அதைக் ‘கிளியர்’ செய்துவிடு என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். அதைச் செய்தும் நினைவகம் மெல்ல மெல்ல ஏறும். காரணம், பதிவின் உள்ளடக்கம்தான் போகிறது. காலியான பதிவு வேர் உறுப்பின் பட்டியலில் அப்படியே கிடக்கிறது. பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து போய்விட்டார், இலையை யாரும் எடுக்கவில்லை. கோடிக்கணக்கான பதிவுகள் என்றால் இலைகளே மண்டபத்தை நிரப்பிவிடும். வேர் உறுப்பையும் அவ்வப்போது காலிசெய்தால்தான் நினைவகம் ஒரே அளவில் நிற்கும்.

இன்னொரு வகையும் உண்டு: கோப்பு சரியாக இருக்கும், பார்சரின் பாதுகாப்பு எல்லை தடுக்கும். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் தொடங்கிய டிபிஎல்பி, கணினி அறிவியல் கட்டுரைகளின் மிகப் பெரிய பட்டியல். அதை ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாகத் தருகிறார்கள். ஜெர்மன், பிரெஞ்சுப் பெயர்களில் வரும் சிறப்பு எழுத்துகளுக்கு அதில் குறுக்குப் பெயர்கள், அதாவது என்டிட்டிகள், பயன்படுகின்றன. ஜாவா பார்சரோ நெடுங்காலமாக 64,000 என்டிட்டிக்கு மேல் விரிக்க மாட்டேன் என்று எல்லை வைத்திருந்தது. கோப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பாதியில் நின்றது. எல்லையை உயர்த்தி ஓட்டுங்கள் என்று டிபிஎல்பியே வழி சொல்லிக் கொடுத்தது.

அந்த எல்லையை வீம்புக்காக வைக்கவில்லை. ஒரு என்டிட்டிக்குள் பத்து, அந்தப் பத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து என்று அடுக்கினால், ஒரு கேபிகூட இல்லாத கோப்பு விரிந்து பல ஜிபியை விழுங்கிவிடும். ‘பில்லியன் லாஃப்ஸ்’ தாக்குதல் என்று இதற்குப் பெயர். இதேபோல லிப்எக்ஸ்எம்எல்2 என்ற நிரல் நூலகம் ஒரு கோடி பைட்டுக்கு மேல் நீளும் ஒற்றை உரைத்துண்டைச் சாதாரணமாக ஏற்காது. கோப்பு நம்பகமான இடத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால் எல்லையை உயர்த்துங்கள். யார் அனுப்பினார்கள் என்றே தெரியாத கோப்புக்காக உயர்த்தாதீர்கள்.

ஸ்கிரிப்டின் முதல் வேலை: பார்ப்பது

உண்மையான பிழைக்கு வருகிறேன். முதலில் கோப்பு முழுதாக வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். விக்கிப்பீடியாத் தொகுப்புகளுடன் சரிபார்ப்புத் தொகையும் வெளியிடப்படுகிறது. ஒப்பிட ஒரு கட்டளை போதும். பதிவிறக்கம் பாதியில் அறுந்த கோப்பில், பார்சர் கடைசி வரை சமர்த்தாகப் படித்துவிட்டு, முடிவில்தான் அழும். பிழை கோப்பின் கடைசி பைட்டில் என்று வந்தால் உள்ளே தேடிக்கொண்டிருக்காதீர்கள், மறுபடி இறக்குங்கள்.

கோப்பு முழுதாக இருக்கிறது, ஆனாலும் நடுவில் நிற்கிறது என்றால் ஸ்கிரிப்ட் எழுதலாம். பைத்தானுக்குள் இருக்கும் எக்ஸ்பாட் பார்சர் ஜேம்ஸ் கிளார்க் எழுதியது. அது நின்றதும் மூன்று எண்கள் தருகிறது: வரி எண், வரிக்குள் எத்தனையாவது எழுத்து, கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட். பலரும் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் கணினி எழுதும் எக்ஸ்எம்எல் கோப்புகள் பலவற்றில் வரி முறிவே இருக்காது. முழுக் கோப்பும் ஒரே வரி. வரி எண் 1, எழுத்து எண் நாலு கோடியே சொச்சம் என்று வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நமக்கு வேண்டியது மூன்றாவது எண், பைட் எண்தான். எழுத்து எண்ணையும் பைட் எண்ணையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. தமிழ்த் தரவில் இரண்டும் வெகு தூரம் விலகிப்போகும்.

கோப்பைப் பைனரி முறையில் திறக்க வேண்டும். உரையாகத் திறந்தால் பார்சருக்கு முன்னாலேயே பைத்தான் குறியாக்கப் பிழை என்று நின்றுவிடும். பத்து லட்சம் பைட் அளவுள்ள துண்டுகளாகப் படித்துப் பார்சரிடம் கொடுங்கள். நின்றதும் பைட் எண்ணை வாங்குங்கள். அந்த இடத்துக்கு 200 பைட் முன்னால் போய், 400 பைட் படித்து, எழுத்தாகவும் எண்ணாகவும் இரண்டு விதமாகவும் அச்சிடுங்கள். எண்ணாகவும் ஏன் என்றால், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்தான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். இருபது வரி ஸ்கிரிப்ட்தான். எத்தனை ஜிபி கோப்பாக இருந்தாலும் குற்றம் நடந்த இடத்தின் படம் கையில் வந்துவிடும்.

டேக் பொருந்தவில்லை என்ற செய்திக்கு மட்டும் இது போதாது. மூடும் டேக் வரும்போதுதான் பார்சருக்குப் பொருந்தாதது தெரிகிறது. மூடாமல் விட்ட டேக் அதற்கு எவ்வளவோ முன்னால் இருக்கலாம். எனவே திறந்த ஒவ்வொரு டேக்கின் பெயரையும் பைட் எண்ணையும் ஓர் அடுக்கில் வைத்துக்கொண்டே வாருங்கள். மூடும்போது எடுத்துவிடுங்கள். நிற்கும்போது அடுக்கில் மிச்சம் இருப்பதைப் பார்த்தால், யார் மூடாமல் போனார் என்பது தெரிந்துவிடும்.

பிழைகளின் குணம்

தொடர்ந்து பார்த்தால் பிழைகள் சில குடும்பங்களில்தான் அடங்கும். & குறியின் குடும்பம் எல்லோருக்கும் தெரிந்தது. நிறுவனப் பெயரிலும் இணைய முகவரியிலும் அது வந்துகொண்டே இருக்கும். அடுத்தது ஒட்டுக் கோப்பு. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் வாரம்தோறும் வழங்கப்பட்ட காப்புரிமைகளை மொத்தமாக ஒரு கோப்பில் வெளியிட்டு வந்திருக்கிறது. பெயரைப் பார்த்தால் அது எக்ஸ்எம்எல் கோப்பு. உண்மையில் ஆயிரக்கணக்கான தனித்தனி எக்ஸ்எம்எல் ஆவணங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் சொந்த அறிவிப்பு வரி, சொந்த வேர் உறுப்பு. முதல் காப்புரிமை முடிந்ததுமே பார்சர் நிற்கும். அங்கே திருத்த எதுவும் இல்லை. அறிவிப்பு வரியைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டி, தனித்தனியாகக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது, கட்டுப்பாட்டு எழுத்துகள். 32-க்குக் கீழே உள்ள எண்களில் 9, 10, 13 ஆகிய மூன்றை மட்டுமே எக்ஸ்எம்எல் 1.0 ஏற்கும். வேர்டில் ஷிஃப்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் உருவாகும் வரி முறிவு 11. அதை யாரோ படிவத்தில் ஒட்டியிருப்பார்கள். தரவுத்தளமும் வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கும். பார்சர்தான் முதலில் கேள்வி கேட்கிறது. இதை எண் வடிவக் குறிப்பாக மாற்றி எழுதினாலும் 1.0 ஏற்காது, நீக்கத்தான் வேண்டும்.

நான்காவது குறியாக்கம். இங்கே தமிழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ‘க’ என்றால் 224, 174, 149. இப்போது ஒரு பழைய நிரல், புத்தகத் தலைப்புகளை 255 பைட்டோடு வெட்டி எக்ஸ்எம்எல்லாக எழுதுகிறது என்று வையுங்கள். 255 மூன்றால் வகுபடும். இடைவெளியே இல்லாத தமிழ் என்றால் 85 குறியீடுகள் சரியாக அடங்கிவிடும். ஆனால் ஒரு இடைவெளிக்கு ஒரு பைட். வெட்டிய பகுதிக்குள் ஒரே ஒரு இடைவெளி இருந்தால் மிச்சம் 254. அதில் 84 குறியீடுகள் முழுதாகவும், அடுத்ததன் இரண்டு பைட்டும் நிற்கும். உடனே மூடும் டேக்கின் < குறி, அதாவது 60, வருகிறது. 224, 174, 60. மூன்றாவது பைட்டை எதிர்பார்த்த பார்சர் அங்கே நிற்கிறது. இடைவெளிகளும் எண்களும் முற்றுப்புள்ளிகளும் சேர்ந்து மூன்றின் மடங்காக அமைந்த தலைப்புகள் மட்டும் தப்பிவிடும். அதனால்தான் நீளமான தலைப்புகளில் சில பிழையாகி, சில ஒழுங்காக ஓடுகின்றன. பார்ப்பவர் கோப்பைப் பேய் பிடித்துவிட்டது என்று நினைப்பார். கணக்குதான் அது.

தப்பிய தலைப்புகளும் சரியானவை என்று சொல்ல முடியாது. ‘பூ’ என்பதில் எழுத்து ஒன்று, ஊகாரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். நடுவில் வெட்டினால் ‘ப’ என்று நிற்கும். பார்சருக்கு அதில் குறை தெரியாது, படிப்பவருக்குத் தெரியும்.

அடுத்தது பழைய எழுத்துருக்கள். டிஸ்கி, டாப் போன்ற எட்டு பிட் குறியாக்கத்தில் தட்டிய உரையை யூடிஎஃப்-8 என்று அறிவித்த கோப்பில் போட்டால் பெரும்பாலும் முதல் தமிழ் எழுத்திலேயே பார்சர் நின்றுவிடும், அது நல்லதுக்குத்தான். பாமினி எழுத்துரு இன்னும் சுவையானது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பரவலாகப் பயன்பட்ட அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். பாமினியில் பழைய கட்டுரை ஒன்று பக்கம் பக்கமாகச் சிக்கலில்லாமல் ஓடும். திடீரென்று ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தைப் பார்த்தால் ‘ஈழம்’ என்ற சொல் இருக்கலாம். பாமினியில் ‘ஈ’ என்பது < குறி! ‘ழ’ ஆங்கில ‘ஓ’, ‘ம்’ என்பது ஆங்கில ‘கே’யும் ஓர் அரைப்புள்ளியும். ஆக ‘ஈழம்’ என்ற சொல், ‘ஓகே’ என்ற பெயரில் ஒரு டேக் திறப்பதாகப் பார்சருக்குப் படுகிறது. பெயருக்குப் பின் அரைப்புள்ளி வந்ததும் குழம்பி நிற்கிறது. இந்த இடத்தில் < குறியை மட்டும் தப்பித்து எழுதிவிட்டால் கோப்பு ஓடும். ஆனால் உள்ளே இருப்பது முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. தேடினால் ஒரு தமிழ்ச் சொல்லும் கிடைக்காது. பிழை பிறந்த இடம் அந்தக் குறியில் இல்லை. யூனிகோடுக்கு மாற்றாமல் விட்டதில் இருக்கிறது.

திருத்துவதற்கு முன்

பார்சர் முதல் பிழையோடு நின்றுவிடும். ஒன்றைத் திருத்தி, மறுபடி ஓட்டி, அடுத்ததில் நின்று என்று போனால் பெரிய கோப்பில் பொழுது விடிந்துவிடும். எனவே இரண்டாவது ஸ்கிரிப்ட் ஒன்று வேண்டும். இது பார்சர் இல்லாமல் பைட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டு முழுக் கோப்பையும் ஒருமுறை ஓட வேண்டும்: தடைசெய்யப்பட்ட எழுத்து, முறிந்த யூடிஎஃப்-8, தனித்து நிற்கும் & குறி ஆகியவற்றை இடத்தோடு பட்டியலிட வேண்டும். துண்டு துண்டாகப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. துண்டின் விளிம்பு ஒரு தமிழ் எழுத்தின் நடுவில் விழலாம். இல்லாத பிழையை நம் ஸ்கிரிப்டே உண்டாக்கிவிடும். மிச்ச பைட்டை அடுத்த துண்டோடு சேர்த்துப் பார்க்கும் படிப்படி டிகோடர் பைத்தானிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பட்டியல் வந்ததும் படம் தெளிவாகும். ஒரே வகைப் பிழை ஒரே புலத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் புலத்தை எழுதும் நிரலில் ஓட்டை. ஒரு தேதிக்குப் பின் வந்த பதிவுகளில் மட்டும் இருந்தால், அந்த நாளில் ஏதோ மாறியிருக்கிறது. ஒரே ஒரு இடம் என்றால் யாரோ கையால் தொட்டிருக்கிறார்கள்.

திருத்துவதில் இரண்டு பொறிகள் உண்டு. & குறி எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால், ஏற்கெனவே சரியாக எழுதப்பட்டவை இரட்டை மாற்றம் பெற்றுவிடும். எக்ஸ்எம்எல்லில் பிறக்கும்போதே வந்த ஐந்து என்டிட்டிகள், எண் வடிவக் குறிப்புகள், கோப்பின் அமைப்பை அறிவிக்கும் டிடிடியில் அறிவித்த பெயர்கள் ஆகியவற்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் தொட வேண்டும். குறிகளை வெறும் உரையாகவே எடுத்துக்கொள்ளும் சிடேட்டா பகுதிக்குள் & குறி இருப்பது தவறே இல்லை; அங்கே கை வைத்தால் நல்ல தரவு கெடும். இரண்டாவது பொறி, பார்சரின் மீட்பு முறை. பைத்தானுக்கான எல்எக்ஸ்எம்எல் நிரல் நூலகத்தில் ஒரு சொல் சேர்த்தால் பிழையைப் பொறுத்துக்கொண்டு மரத்தைக் கட்டிக் கொடுத்துவிடும். எதை விட்டுவிட்டது என்பதை நாமாகப் பிழைப் பதிவில் தேடினால்தான் தெரியும். அவசரத்துக்குப் பார்க்க உதவும். சேமித்து வைக்க உதவாது.

எனக்குப் பிடித்த வழி, பதிவு பதிவாகப் பிரிப்பது. ஒவ்வொரு பதிவையும் தனியாகப் பார்சரிடம் கொடுங்கள். தேறியது ஒரு கோப்புக்கு, தேறாதது இன்னொரு கோப்புக்கு. தேறியதும் தேறாததும் சேர்ந்து மூலத்தின் எண்ணிக்கைக்குச் சமமாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலை முடியவில்லை. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் பப்மெட் தரவைக் கோப்புக்கு 30,000 பதிவு வரை என்று பிரித்தே வெளியிடுகிறது. ஒரு கோப்பில் கோளாறு என்றால் அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். தரவு வெளியிடும் இடத்தில் நீங்கள் இருந்தால் இதைச் செய்யுங்கள். வாங்குபவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கடைசியாக ஒன்று. திருத்திய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அடுத்த மாதம் அதே இடத்திலிருந்து அதே பிழையோடு கோப்பு வரும். ஸ்கிரிப்ட் தர வேண்டிய முக்கியமான பொருள் பிழைப் பட்டியல்: கோப்பின் பெயர், அளவு, சரிபார்ப்புத் தொகை, பதிவின் அடையாளம், பைட் எண், சுற்றியுள்ள பைட்டுகள், நாம் மாற்றியது என்ன. அதை அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் கோப்பு ஓடவில்லை என்று எழுதினால் எங்களிடம் நன்றாக ஓடுகிறதே என்று பதில் வரும். ‘இந்தப் பதிவில் தலைப்பு 255 பைட்டில் வெட்டப்படுகிறது, கடைசி எழுத்தின் மூன்றாவது பைட் இல்லை’ என்று எழுதினால் அங்கிருக்கும் நிரலாளர் போய் அந்த ஒரு வரியை மாற்றிவிடுவார். அந்த ஒரு வரி மாறினால் உங்கள் திருத்த ஸ்கிரிப்டை அழித்துவிடலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்; கோப்பே கொண்டுவந்திருந்தால் இங்கேயே திறந்து பார்ப்போம்.